தற்குறி எழுதிய வரலாறு

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. பெரிய ஆறும் ஊற்றுக்கண்ணில் ஒரு சிறு கசிவாகவே இருக்கும். அதைப் பார்த்து ஆற்றின் பெருமையை அளந்துவிடலாகாது என்பது அதன் கருத்து. முனிவர்க்கும் அப்படியே. ஆனால், மாணவ நண்பர்களே, நாம் நதியும் அல்லோம், முனிவரும் அல்லோம். நம் மூலத்தை நாம் பார்க்கலாம். அப்படிப் பார்க்கப் புகுந்த எனக்கு என்ன கிடைத்தது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றியவன். வரலாறு என் பாடம். ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு ஒரு நாள், பிற்காலப் பாண்டியரின் வமிசாவளியைக் கரும்பலகையில் எழுதிக் கொண்டிருந்தேன். முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் பட்டமேறிய ஆண்டு 1216 என்று சொல்லி முடித்தேன். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஸார், உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர் என்ன?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் விடை எனக்குத் தெரியவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அரசன் முடி சூடிய ஆண்டு எனக்குத் தெரியும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த என் குடும்பத்துப் பெரியவரின் பெயர் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனுக்கு நான் கடன்பட்டவன்.

அரசர்களின் குலமுறை நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் அதைச் செப்பேட்டிலும் கல்லிலும் எழுதுவித்தார்கள் என்பதே. பாளையக்காரர்களும் தத்தம் வமிசாவளிகளை எழுதி வைத்தார்கள். 1815 ஆம் ஆண்டில் இந்தியாவின் தலைமை நில அளவையாளராக அமர்ந்த காலின் மெக்கன்சி என்பவர் அத்தகைய வமிசாவளிகளையும் ஊர்க் கைபீதுகளையும் பெருந்தொகையாகத் திரட்டினார். அவற்றிற் பல இன்றும் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. வடக்கே ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர்களின் குடும்பப் பெயர்களை நீண்ட ஏடுகளில் குறித்து வருகிறார்கள். ஆனால் உழுதவனும் நெய்தவனும் கூலி வேலை செய்தவனும் எங்கே எழுதி வைத்தான்? அவன் வரலாறு எழுத்தில் இல்லை; பழக்கத்தில் இருக்கிறது.

நான் வாழும் இராஜபாளையத்தையே பாருங்கள். விசயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்த இராஜுக்கள் இவ்வூரில் இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். கோத்திரம் பார்த்தே மணம் முடிக்கிறார்கள். அவர்கள் வந்த வழியை அவர்களுடைய நாவே நினைவு வைத்திருக்கிறது. ஏனையோருக்குக் குலதெய்வம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் எழுந்தருளியிருக்கும் நீர்காத்த ஐயனாரைப் போல, மலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் உள்ள சிறு கோயில்கள் பல ஒவ்வொரு குடும்பக் கூட்டத்துக்கு உரியவை. சிவராத்திரியன்று ஒரே கோயிலில் பொங்கலிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களும் அன்று வந்து சேருகிறார்கள். தாளில் எழுதாத வமிசாவளி அது.

பணி ஓய்வுக்குப் பின், என் பேரன் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவித் தந்தான். கிராம்ப்ஸ் என்பது அதன் பெயர். 2001 இல் தோன்றிய அது, எவரும் விலையின்றிப் பெறக்கூடிய வமிசாவளி மென்பொருள். இத்தகைய மென்பொருள்கள் தம்முள் செய்தியைப் பரிமாறிக் கொள்வதற்கு ஜெட்காம் என்று ஒரு பொதுமுறை 1984 முதல் வழங்குகிறது. அதை வகுத்தவர்கள் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலுள்ள மார்மன் சபையார். முன்னோரின் பெயர்களைத் திரட்டுவதைச் சமயக் கடமையாகக் கொண்ட அவர்கள், அதற்கென 1894 இலேயே ஒரு சங்கம் நிறுவி, 1938 முதல் பல நாட்டு ஆவணங்களை நுண்படமாகப் பிடித்து வைத்தார்கள். ஹரித்துவாரத்து ஏடுகளும் அவற்றுள் அடங்கும்.

மேனாட்டார் சமைத்த சட்டையை நாம் அணியும்போது சில இடங்களில் பிடிக்கும், சில இடங்களில் தொளதொளக்கும். மென்பொருள் முதலில் குடும்பப் பெயரைக் கேட்டது. நமக்கு அது ஏது? தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. அது தலைமுறைதோறும் மாறும். நல்வேளையாக, தந்தைவழிப் பெயர் என்று குறித்துக் கொள்ள அதில் வசதி இருந்தது. அடுத்த இடர்ப்பாடு, பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் நம் வழக்கம். எங்கள் குடும்பத்தில் ஒரே பெயர் ஒன்றுவிட்ட ஒரு தலைமுறையில் வந்துகொண்டே இருந்தது. எந்தப் பத்திரத்தில் இருப்பது எவருடைய பெயர் என்று தெளியாமல் நான் திகைத்த நாட்கள் உண்டு.

மூன்றாவது செய்தி கணக்கு மாணவர்களுக்குச் சுவை தரும். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். இப்படிப் பத்தாம் தலைமுறைக்குப் போனால் 1,024 பேர் வரவேண்டும். ஆனால் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம் நாட்டில் ஒருவரே இரண்டு மூன்று இடங்களில் வந்து நிற்பார். என் தாய்வழிப் பாட்டனார் ஒருவர் கணினித் திரையில் இரண்டு கிளைகளில் தோன்றினார். குல மரம் என்கிறார்கள். நம்முடையது மரம் மட்டும் அன்று, பின்னிய வலை.

இவற்றையெல்லாம் சமாளித்தேன். ஒன்றைச் சமாளிக்க முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தந்தை பெயர், தாய் பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. தந்தை கட்டங்கள் பூட்டனார் வரை நிரம்பின. தாய் கட்டமோ என் பாட்டியோடு நின்றுவிட்டது. பூட்டனாரைப் பெற்ற தாய் யார்? வீட்டில் எவரையும் கேட்டேன், எவர்க்கும் தெரியவில்லை. மென்பொருள் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே காட்டிற்று. நாங்கள் வீட்டில் வரைந்த குலமுறைப் படங்களில் அப்படி ஒரு கட்டமே இல்லை. ஆகையால் அது வெறுமையாக இருப்பதும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பெரும் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடும்பத்தின் பூர்விகம் ஸ்ரீவில்லிபுத்தூர். என் பாட்டனார் 1898 இல் பிறந்தவர். 1930களில் இராஜபாளையத்தில் நூற்பாலை எழுந்த காலத்தில், 1938 இல், குடும்பத்தோடு இங்கே குடியேறி ஆலையில் வேலைக்கு அமர்ந்தார். அவர் விட்டுச் சென்ற ஒரு கணக்கு நோட்டில், "தாது வருஷம் மாசியில் கண்மாய் நஞ்சை ஒற்றி, பின் மீளவில்லை" என்று ஒரு வரி இருந்தது. நான் அறுபதாண்டு வட்டத்தை எண்ணிப் பார்த்தேன். தாது வருஷம் என்பது 1936-37. அடுத்த ஆண்டே அவர் ஊரை விட்டு வந்திருக்கிறார். கணக்கு நேர்த்தியாகப் பொருந்திற்று. நிலத்தை ஒற்றி வைத்து இழந்தவர் பாட்டனாரே என்று முடிவு கட்டினேன். கணினியில் அப்படியே பதிந்தேன். ஒரு கல்யாண வீட்டில் உறவினர் பலர் முன்னிலையில், "பாட்டனார் சற்றுக் கையிறுக்கமாக இருந்திருந்தால் நஞ்சை நம்மிடம் இருந்திருக்கும்" என்றும் பேசினேன். எவரும் மறுக்கவில்லை. தலைமையாசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பார்கள்.

மென்பொருளில் பிழை காணும் கருவி ஒன்று உண்டு. தாய் இறந்த பின் பிள்ளை பிறந்ததாக ஆண்டு இட்டால் உடனே எச்சரிக்கும். ஆனால் நான் இட்ட 1937 அதற்குப் பிழையாகத் தோன்றவில்லை. நடக்க இயலாததை அக்கருவி கண்டுபிடிக்கும். நடவாததைக் கண்டுபிடிக்க அதற்கு வழியில்லை. அந்த வேலை நம்முடையது.

நான் எழுதியதற்குச் சான்று வேண்டும் அல்லவா? அதற்காகப் பத்திரப் பதிவு அலுவலகத்தை நாடினேன். அசையாச் சொத்துப் பற்றிய பத்திரங்களை அங்கே முதலாம் புத்தகம் எனப்படும் தொகுதிகளில் படியெடுத்து நிலையாகக் காக்கிறார்கள். 1936, 1937 ஆண்டுகளில் அப்படி ஓர் ஒற்றியே பதிவாகவில்லை. எனக்கு ஐயம் பிறந்தது.

இவ்விடத்தில், தேட விரும்பும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். முதலாவது, எல்லைகள் மாறும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இராஜபாளையமும் அப்போது அவ்வட்டத்தைச் சேர்ந்ததே. 1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதற்கு மாறிற்று. 1985 முதல் இப்போதைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே 1900 ஆம் ஆண்டு ஆவணத்தைத் தேடுகிறவன் திருநெல்வேலித் தலைப்பிலும் பார்க்க வேண்டும். நிலவரி, இனாம் பற்றிய பழைய பதிவேடுகளுக்குச் சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

இரண்டாவது, எல்லா ஏடுகளும் திறந்தவை அல்ல. இங்கிலாந்தில் மக்கள் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களை நூறு ஆண்டுகளுக்குப் பின் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921 கணக்கெடுப்பு 2022 இல் திறக்கப்பட்டது. நம் நாட்டில் 1948 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனியாள் விவரங்கள் மறைவானவை. பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899 ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1969 ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் உண்டு. ஆயினும் வீட்டில் நடந்த பிறப்பையும் இறப்பையும் அக்காலத்தில் எல்லோரும் போய்ச் சொல்லிவிடவில்லை.

மூன்றாவது, ஏடும் பொய் சொல்லும். இதை நான் கூசாமல் சொல்வேன். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை எத்தனையோ ஆண்டுகள் கையாண்டவன் நான். முற்காலத்தில் சிறுவனின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. ஆசிரியர் ஒரு தேதியை எழுதிக் கொள்வார். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குப் பொருத்தமாகவே ஊர்ப் பிள்ளைகளிற் பாதிப் பேர் பிறந்திருப்பார்கள்! அந்தத் தேதியே பின்னர் சான்றிதழிலும் ஓய்வூதியத்திலும் ஏறிவிடும். ஆகையால் ஒரு செய்திக்கு ஒரு சாட்சி போதாது; ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சாட்சிகளாவது வேண்டும்.

நிற்க. ஒற்றி வைத்த நிலம் எங்கள் கையை விட்டுப் போயிருக்கலாம். ஆனால் நிலம் ஊரை விட்டுப் போகவில்லை அல்லவா? நேரே அந்த நஞ்சையின் இன்றைய உடையவரிடம் சென்றேன். வழக்குத் தொடுக்க வந்திருக்கிறேனோ என்று அவர் முதலில் அஞ்சினார். பாட்டனாரைப் பற்றி அறிய வந்தவன் என்று சொன்னதும் மோர் கொடுத்து உட்கார வைத்தார். நிலத்தோடு கைமாறி வரும் தாய்ப் பத்திரங்களை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்துப் போட்டார். எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்பில் இற்றுப்போன ஒரு தாள் இருந்தது.

அதன் தேதி கொல்லம் 1052, தாது வருஷம், மாசி மாதம். பசலி 1286 என்றும் குறித்திருந்தது. நெல்லைச் சீமையில் கொல்லம் ஆண்டு வழங்கியதை அறிவீர்கள். மாசி மாதமாயின் அதனோடு 825 கூட்ட வேண்டும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். கொல்லத்தின்படி 1877, பசலியின்படி 1876 ஜூலை முதல் 1877 ஜூன் முடிய. இரண்டும் ஒத்தன. தாது வருஷம் உண்மைதான். ஆனால் நான் எண்ணிய தாதுவுக்கு அறுபது ஆண்டு முந்திய தாது! 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியதும், தாது வருஷப் பஞ்சம் என்று நம் மக்கள் இன்றளவும் பெயர் சொல்லி நினைப்பதுமான அந்தக் கொடிய பஞ்சத்தின் நடுவே எழுதப்பட்டது அப்பத்திரம். அப்போது என் பாட்டனார் பிறக்கவே இல்லை. பிறப்பதற்கு இருபத்தோராண்டு முன் நடந்த செயலுக்காக நான் அவரைக் கல்யாணப் பந்தலில் குற்றம் சாட்டியிருக்கிறேன்.

பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். காலஞ்சென்ற இன்னாருடைய பெண்சாதியும், மைனர் குமாரர் இருவருக்குத் தாயும் கார்டியனுமாகிய இன்னாள் எழுதிக் கொடுத்த ஒற்றிப் பத்திரம் என்று அது தொடங்கிற்று. வின்னவன் கேள்விக்கு விடை அந்த முதல் வரியிலேயே இருந்தது. என் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர். அதனினும் பெரிதாக, கணினியில் வெறுமையாய் நின்ற கட்டத்துக்குரிய பெயரும் இருந்தது. சர்க்கார் தீர்வைக்காகவும் மைனர்களின் அன்ன வஸ்திரத்துக்காகவும் அறுபது ரூபாய்க்கு அந்த அம்மையார் நஞ்சையை ஒற்றி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு வயது எட்டும் ஐந்தும். அடியில் ஒரு கோடும் அதைக் குறுக்கே வெட்டிய இன்னொரு கோடும். பக்கத்தில், இன்னாள் தற்குறி என்று பத்திரம் எழுதியவர் கையால் எழுதியிருந்தது.

தற்குறி என்ற சொல்லை எழுத்தறியாதவரை இகழும் சொல்லாகவே நாம் இன்று வழங்குகிறோம். மாணவனைக் கடிந்து கொள்ளும்போது நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது எழுதத் தெரியாதவர் தம் கையால் இடும் அடையாளத்தின் பெயர். தன் குறி, தற்குறி. எங்கள் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பழைய கையெழுத்து அந்த இரண்டு கோடுகளே. அன்றைக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் இகழ்ச்சிப் பொருளில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மைனர் குமாரர் இருவர் என்றேன். மூத்தவர் என் பூட்டனார். இளையவர் யார்? குடும்பத்தில் எவரும் அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதில்லை. தொண்ணூறை நெருங்கிய என் அத்தை மட்டும், "சின்னவர் ஒருத்தர் கண்டிச் சீமைக்குப் போனவர், திரும்பி வரவில்லை என்று எங்கள் அப்பத்தா சொல்லும்" என்றார். கண்டிச் சீமை என்பது இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு நம் மக்கள் இட்ட பெயர். பஞ்ச காலத்தில் அங்கே போனவர் ஏராளம். ஆகவே நம்பத் தக்கதாகவே இருந்தது. தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தந்தை பெயர், ஊர், வயது, உடல் அடையாளம் வரை அதில் காணலாம். கங்காணியின் பின்னே நடந்து கண்டிக்குப் போனவர்களுக்கு அத்தகைய விரிவான பட்டியல் இல்லை. தேடல் அங்கே நின்றுவிட்டது.

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த கிறிஸ்தவ ஆசிரிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிக் கொண்டிருந்தேன். இளையவர் பெயரைக் கேட்டதும் அவர் சற்று யோசித்து, "இந்தப் பெயருக்கு முன்னால் ஒரு வேதாகமப் பெயரைச் சேர்த்தால், எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் உண்டு" என்றார்.

கல்லறைகள் வரலாற்றுச் சான்றுகள் என்பதை ஆங்கிலேயர் நெடுநாள் முன்பே உணர்ந்திருந்தனர். சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற சிவில் அதிகாரி தொகுத்து 1905 இல் நூலாக வெளியிட்டார். ஆனால் அத்தகைய தொகுப்புகளில் பெரிதும் காண்பவர் படைத்தலைவர்களும் அதிகாரிகளும் பாதிரிமாருமே. நம் மக்களிற் பெரும்பாலோர் எரிக்கப்பட்டனர். புதைக்கப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் கல் இல்லை. ஒரு மண்மேடு, அதன்மேல் சில ஆண்டு எருக்கஞ்செடி, அப்புறம் வெறுந்தரை. இந்நிலையில், வட திருநெல்வேலியில் சி.எம்.எஸ். சங்கத்தார் 1854 முதல் சுற்றிச் சுற்றி ஊழியம் செய்ததன் பயனாக எழுந்த சிறு சிறு கல்லறைத் தோட்டங்களில், எளிய தமிழ்க் குடும்பத்தாரின் பெயர்களும் கல்லில் நின்றன. அவ்வூழியத்தைத் தொடங்கிய ராக்லண்டு 1858 இல் சிவகாசியில் காலமானவர்.

மார்கழி மாதத்து விடியற்காலையில் நானும் நண்பரும் போனோம். பழைய கல்லைப் படிப்பதற்குக் காலை வெயிலே ஏற்றது. சாய்ந்து விழும் ஒளியில் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ கல்லைத் தேய்க்கலாகாது, எழுத்தே போய்விடும். தண்ணீர் விட்டு மென்மையான துடைப்பத்தால் தடவினோம். வேதாகமப் பெயர், அதை அடுத்து அந்தப் பத்திரத்திலிருந்த பெயர், அதன் கீழே "ஆசிரியர்" என்ற ஒரு சொல், பிறந்த ஆண்டு 1872, இறந்த ஆண்டு 1934.

என் உள்ளம் துள்ளிற்று என்றாலும் உடனே அடக்கிக் கொண்டேன். ஒரு முறை அவசரப்பட்டுப் பாட்டனார்மீது பழி சுமத்தியவன் அல்லவா? ஒத்த பெயரும் ஒத்த வயதும் இருவர்க்கு அமையலாம். ஆகவே சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் காண இசைவு கேட்டோம். அத்தகைய பதிவேடுகளில் பெற்றோர் இருவர் பெயரும் எழுதுவது வழக்கம். தந்தை பெயர் பொருந்திற்று; ஆனால் அது ஊரில் வீட்டுக்கு வீடு வழங்கும் பெயர். தாய் பெயர் அப்படியன்று, அரிதான பெயர். பத்திரத்தில் இருந்த அதே பெயர், எழுத்து மாறாமல் அங்கே இருந்தது. எங்கள் குடும்பம் மறந்துவிட்ட பெண்ணின் பெயரே இரண்டு கிளைகளையும் இணைக்கும் ஆணியாக நின்றது.

கண்டிச் சீமைக் கதை எப்படி வந்தது? சமயம் மாறிய தம்பியைக் குடும்பம் தள்ளி வைத்திருக்கிறது. தள்ளி வைத்தோம் என்று பிள்ளைகளிடம் சொல்வதைவிடக் கடல் கடந்து போய்விட்டான் என்று சொல்வது எளிது. அவர் போனதோ கண்டிக்கு அன்று. அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் குலத்தில் முதன்முதல் ஆசிரியரானவன் நான் என்று இத்தனை நாளும் பெருமை பேசி வந்தேன். எனக்கு மூன்று தலைமுறை முன்பே ஒருவர் கரும்பலகை முன் நின்றிருக்கிறார்.

அவருடைய பேரன், எண்பதை எட்டிய பெரியவர், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி வசிக்கிறார் என்று நண்பர் வழியாக அறிந்தேன். ஒரே மளிகைக் கடையில் நாங்கள் இருவரும் எத்தனையோ முறை அருகருகே நின்றிருக்கிறோம். பத்திரத்தின் படியை எடுத்துக் கொண்டு போனேன். என்னை உட்காரச் சொன்னாரே தவிர முகம் மலரவில்லை. "பெரியவர் வீட்டார்தான் நஞ்சையைப் பிடுங்கிக் கொண்டு எங்கள் தாத்தாவை வெறுங்கையோடு அனுப்பினார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்" என்றார். நான் பதில் சொல்லாமல் படியை அவரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு இரண்டு முறை படித்தார். எட்டு வயது, ஐந்து வயது என்ற இடத்தில் விரலை வைத்தபடியே சற்று நேரம் இருந்தார். பிறகு, "அப்படியானால் நிலத்தை எவரும் பிடுங்கவில்லை, இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டது அந்த நிலம்" என்றார்.

நாங்கள் பாட்டனார்மீது பழி சுமத்தினோம். அவர்கள் எங்கள் பூட்டனார்மீது சுமத்தினார்கள். இரண்டும் தவறு என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த அம்மையார். அவருடைய பெயரை நாங்களும் மறந்தோம், அவர்களும் மறந்தார்கள். வரும் தலைமுறையாவது மறவாதிருக்க, கணினியில் 1937 என்பதை அழித்து 1877 என்று திருத்தினேன். வெறுங்கட்டத்தில் அவர் பெயரை இட்டேன். அதன் கீழே இரண்டு மகன்களையும் சேர்த்தேன். அடுத்த குடும்பக் கல்யாணத்தில், முன்பு பேசியது போலவே உறவினர் கூடியிருக்கையில் எழுந்து, பாட்டனாரைப் பற்றி நான் சொன்னது பிழை என்று அறிவித்தேன். கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2 அன்று பெரியவரும் நானும் சேர்ந்து போய் அந்தக் கல்லைக் கழுவி மாலையிட்டு வந்தோம். அம்மையாருக்குக் கல் இல்லை. எங்கே எரித்தார்களோ, எங்கே புதைத்தார்களோ, அதைச் சொல்லும் ஏடு எதுவும் இல்லை. அவருக்கு இருப்பது இரண்டு கோடுகள்.

மாணவ நண்பர்களே, அவர் பெயரை நான் இங்கே சொல்லாததை நீங்கள் கவனித்திருக்கலாம். அது எங்கள் வீட்டுக்குரியது. உங்களுக்கு வேண்டியது உங்கள் வீட்டுப் பெயர். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் உட்கார்ந்து, "உங்கள் அம்மாவின் பெயர் என்ன? அவருடைய அம்மாவின் பெயர் என்ன?" என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே தேதியிட்டு எழுதுங்கள். சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். கைபேசியில் அவர் குரலையும் பதிந்து வைக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை அவர்கள் இசைவின்றி இணையத்தில் ஏற்றாதீர்கள். பழைய தாளை ஒட்டு நாடாவால் ஒட்டாதீர்கள். படமெடுத்துக் கொண்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். தமிழ் ஆண்டைக் கண்டால் அது எந்த வட்டத்தின் ஆண்டு என்று இரண்டு முறை எண்ணுங்கள். இறந்தவர்மீது குற்றம் சொல்லுமுன் மூன்று முறை எண்ணுங்கள். அவர்கள் எழுந்து வந்து மறுக்க மாட்டார்கள்.

கணினி, பதிவேடு, கல்லறை ஆகிய மூன்றும் நல்ல துணைவர்களே. ஆயினும் பாட்டியின் நினைவு அவற்றினும் விரைவில் மறைவது. அதை முதலில் எழுதிக் கொள்ளுங்கள்.